எமனுக்கு ஐந்து நாள் விருந்து

முதல் நாள்: அக்டோபர் 30, 2024, புதன்

மொட்டைமாடியில் சோறு வைத்துக் காக்காயைக் கூப்பிட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் இன்று காலை நண்பரின் அம்மா பொறுமையாகச் சொல்லித்தந்தார். தைத்த இலைத் தொன்னையில் சோறு, ஒரு துண்டு இனிப்பு, கொஞ்சம் பூ. கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து நின்றோம். காக்காய் வரவில்லை. நான் எங்கள் ஊர்ப் பாணியில் தொண்டையைத் திறந்து 'கா... கா...' என்றேன். எதிர் மாடியிலிருந்த இரண்டு பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காக்காய் வந்துவிட்டது. தமிழ் புரிகிறது.

இது லலித்பூர். காத்மாண்டுக்கு அக்கரை, நடுவில் பாக்மதி ஆறு ஓடுவதால் அக்கரை என்கிறேன், மற்றபடி ஊர் இரண்டும் ஒட்டிப் போய்விட்டன. சென்னையில் என்னோடு பத்து வருடம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பரின் வீடு. "திஹாருக்கு ஒரு தடவை வந்து பார்" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். திஹார் என்றால் அவர்கள் ஊர்த் தீபாவளி. இந்த வருடம் டெல்லி வழியாக வந்தே விட்டேன். வந்ததும் முதல் வேலை கைக்கடிகாரத்தைத் திருத்தியது. நேபாளம் நம்மைவிடக் கால் மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரண்டாவது வேலை, பையிலிருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைத் திரும்ப உள்ளே வைத்தது. நூறுக்கு மேற்பட்ட இந்திய நோட்டை அப்போது இங்கே வாங்கவில்லை. நம் ஒரு ரூபாய்க்கு இவர்கள் காசு ஒன்று அறுபது.

திஹார் ஐந்து நாள். இன்று காக்கைக்கு, நாளை நாய்க்கு, மறுநாள் பசுவுக்கும் லட்சுமிக்கும், நாலாம் நாள் காளைக்கும் கோவர்த்தனத்துக்கும், ஐந்தாம் நாள் உடன்பிறந்தவர்களுக்கு. அந்தக் கடைசி நாளுக்குப் பெயர் பாய் டீகா. அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். வடக்கே பாய் தூஜ், வங்காளத்தில் பாய் போண்டா, மராத்தியில் பாவ் பீஜ் என்று ஊருக்கு ஒரு பெயர். நேபாளத்தில் அது தனி நாளாக இல்லாமல் ஐந்து நாள் விழாவின் முடிவாக இருக்கிறது. இன்னொரு பெயர் கேட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யமபஞ்சக். எமனுடைய ஐந்து நாள்.

காக்காய் எமனின் தூதன். அதனால் அவனுக்கு முதலில் சாப்பாடு. கெட்ட செய்தி கொண்டுவராதே என்று வேண்டுதல்.

எனக்கு அக்கா ஞாபகம் வந்தது. மாயவரத்தில் இருக்கிறாள், என்னைவிட ஆறு வயது மூத்தவள். பொங்கலுக்கு மறுநாள் விடிகாலையில் மொட்டைமாடியில் மஞ்சள் இலை போட்டு, மஞ்சள் சாதம், குங்குமச் சிவப்பில் ஒரு சாதம், தயிர் சாதம், மிச்சச் சர்க்கரைப் பொங்கல் என்று உருட்டி உருட்டி வைப்பாள். கனுப் பிடி. கூடப்பிறந்தவர்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று பெண்கள் காக்காய்க்கு வைக்கும் சோறு. வைத்து முடித்ததும் எனக்குப் போன் வரும். "பிடி வச்சாச்சுடா." அவ்வளவுதான் பேச்சு. நான் கனுப் பணம் அனுப்புவேன். முன்பு மணியார்டர், இப்போது போனிலேயே.

இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை: தம்பிக்காக வேண்டிக்கொள்ள ஏன் காக்காயிடம் போகவேண்டும்? இந்த ஊர் மொட்டைமாடியில் நின்றபோதுதான் கேள்வி வந்தது. இங்கே கொடுக்கும் விடை நம் கனுவுக்கும் பொருந்துமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சோறும் காக்காயும் உடன்பிறப்பும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கின்றன.

ஒரு வேடிக்கை. நேபாளியில் அண்ணன் 'தாய்', தம்பி 'பாய்'. வந்ததிலிருந்து இந்த வீட்டில் எல்லோரும் என்னைத் தாய், தாய் என்று கூப்பிடுகிறார்கள். பழகவில்லை.

இரண்டாம் நாள்: அக்டோபர் 31, வியாழன்

இன்று அங்கே தீபாவளி. காலை ஐந்தரைக்கே அக்கா போன். "கங்கா ஸ்நானம் ஆச்சா?" எண்ணெய் இல்லை, சீயக்காய் இல்லை. குழாயில் வந்த தண்ணீர் தொட்ட இடம் மரத்துப்போகும் குளிர். ஆச்சு என்று பொய் சொன்னேன். இங்கே இன்று வெடிச்சத்தமே இல்லை. தெருவில் நாய்கள் மாலை போட்டுக்கொண்டு திரிகின்றன.

குகுர் திஹார். நாய்களின் நாள். வீட்டு நாய், தெரு நாய் வித்தியாசம் கிடையாது. நெற்றியில் அரிசியும் தயிரும் குங்குமமும் பிசைந்த சிவப்புத் திலகம், கழுத்தில் துலுக்கச் சாமந்தி மாலை, தட்டில் சாப்பாடு. எங்கள் சந்து முனையில் ஒரு பழுப்பு நாய் படுத்திருந்தது. நான் பார்த்தபோது அதற்கு நாலு வீட்டு மாலை விழுந்திருந்தது, நெற்றியில் ஒன்றன்மேல் ஒன்றாக டீகா. தேர்தலில் ஜெயித்த வார்டு கவுன்சிலர் மாதிரி முகத்தில் அலுப்பு. ஐந்தாவது மாலையை நண்பரின் அம்மா என் கையில் கொடுத்துப் போடச் சொன்னார். எனக்கு நாய் என்றால் சின்ன வயதிலிருந்தே ஒரு தூரம் உண்டு. கையை நீட்டிப் போட்டதில் மாலை ஒரு காதில் தொங்கிக்கொண்டு நின்றது. அது என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சரி போ என்பது போல் மறுபடி தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

ராத்திரி தொலைக்காட்சியில் போலீஸ் நாய்களுக்கு மாலை போட்டு மரியாதை செய்வதைக் காட்டினார்கள். சல்யூட் எல்லாம் பலமாக இருந்தது. எனக்குச் சந்து நாய்தான் பிடித்தது.

நாய்க்கு ஏன்? எமலோக வாசலைக் காப்பவை இரண்டு நாய்கள். வேதத்திலேயே வரும் விஷயம். பைரவர் வாகனம் என்று நாமும் கும்பிடுகிறோம், தருமரோடு கடைசிவரை நடந்த நாயின் கதையும் தெரியும். ஆனால் நேற்றையும் இன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கணக்கு தெரிகிறது. முதலில் சேதி கொண்டுவருபவனைக் கவனித்தாயிற்று. இன்று வாசலில் நிற்பவனை. ஒரு பெரிய ஆபீசில் காரியம் ஆக வேண்டும் என்றால் நாமும் இந்த வரிசையில்தானே போவோம்? நண்பரிடம் சொன்னேன். "கடைசியில் அதிகாரியையும் பார்ப்போம், இரு" என்றார்.

மூன்றாம் நாள்: நவம்பர் 1, வெள்ளி

காலையில் பசு. பக்கத்துத் தெருவில் ஒருவர் பசுவைக் கட்டிவைத்திருக்க, அக்கம்பக்கத்தார் வரிசையாக வந்து பூசை செய்தார்கள். எல்லாம் நம் மாட்டுப்பொங்கல் மாதிரிதான் என்று அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நண்பர் தன் வலது மணிக்கட்டிலிருந்து அழுக்கேறிய ஒரு நூலை அவிழ்த்துப் பசுவின் வாலில் கட்டினார்.

அது ஜனை பூர்ணிமா அன்று புரோகிதர் கட்டிய நூல். ஜனை என்றால் பூணூல். ஆவணி மாதப் பௌர்ணமி. நம் பக்கத்தில் ஆவணி அவிட்டம், வட இந்தியாவில் அதே நாள் ரக்ஷா பந்தன். ராக்கி என்றால் தங்கை அண்ணனுக்குக் கட்டுவது என்றுதான் நமக்குத் தெரியும். நேபாள மலைப்பகுதியில் மரபாக அந்த வழக்கம் இல்லை. புரோகிதர் எல்லோருக்கும் கட்டும் காப்பு நூல்தான். அதை இரண்டரை மாதம் கையிலேயே வைத்திருந்து, இன்றைக்கு அவிழ்த்து, பசு வாலில் கட்டிவிடுகிறார்கள். செத்தபிறகு வைதரணி ஆற்றைக் கடக்கும்போது அந்தப் பசுவின் வாலைப் பிடித்துக்கொள்ளலாம். இதிலும் எமன்தான். திஹாரைப் 'பாசத் திருவிழா' என்று படித்துவிட்டு வந்த எனக்கு, மூன்று நாளாக ஒரே எமலோகப் போக்குவரத்தாக இருக்கிறது.

மத்தியானம் முழுக்க அடுக்களை. செல் ரொட்டி சுட்டார்கள். ஊறவைத்த அரிசியை அரைத்து, சர்க்கரை, நெய், பழுத்த வாழைப்பழம் போட்டுப் பிசைந்த மாவு, தோசைமாவைவிடக் கொஞ்சம் கெட்டி. அம்மா அதைக் கையில் அள்ளி, விரல் நுனி வழியாக ஒழுகவிட்டு, கொதிக்கும் எண்ணெயில் வளையல் போல ஒரு வட்டம் போட்டார். அச்சு கிடையாது. கை சுற்றுகிற வேகம்தான் அளவு. எண்ணெயைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலே அந்தக் கை சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர்ந்ததும் வட்டம் மூடிக்கொண்டது. ஒரு குச்சியால் திருப்பி, அதே குச்சியில் மாட்டி எடுத்தார். நானும் ஒன்று முயன்றேன். கேள்விக்குறி மாதிரி வந்தது. அதைத் தனியாக எனக்கே கொடுத்தார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே அப்பம்.

சாயங்காலம் லட்சுமி பூசை. வாசலில் கோலம், அங்கிருந்து பூசையறை வரைக்கும் சின்னச் சின்னக் கால் தடங்கள், ஜன்னல் ஜன்னலாக அகல். நம்மூரில் கோகுலாஷ்டமிக்கு கிருஷ்ணன் கால் போடுவோமே, அதே கை, அதே ஐந்து பொட்டு. ஏழு மணிக்கு மேல் பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வீடு வீடாக வந்து பாடினார்கள். இதற்குப் பைலோ என்று பெயர். முறத்தில் அகல் விளக்கு வைத்து, அரிசி, செல் ரொட்டி, பணம் கொடுத்து அனுப்புகிறார்கள். நாளைக்குப் பையன்கள் முறை, அது தேவுசி. அந்தப் பாட்டில் ஒரு சேதி உண்டாம்: நாங்களாக வரவில்லை, பலி ராஜா அனுப்பித்தான் வந்திருக்கிறோம். நம் மகாபலி! ஓணத்துக்குக் கேரளம் வருகிறவர், இங்கே ஆள் அனுப்பி வசூல் செய்கிறார்.

நான்காம் நாள்: நவம்பர் 2, சனி

காலையில் ஆற்றைத் தாண்டி அசன் சந்தைக்குப் போனோம். ஆறு தெருக்கள் கூடும் பழைய கடைவீதி, நடுவில் அன்னபூர்ணா கோயில். நாளைக்குப் பாய் டீகா என்பதால் நிற்க இடம் இல்லை. மூட்டை மூட்டையாக வால்நட். இதை ஓக்கர் என்கிறார்கள். பாதாம், முந்திரி, உலர்ந்த பேரீச்சை, கல்கண்டு எல்லாம் கலந்து விற்கிறார்கள், அதற்குப் பெயர் மசலா. நான் நண்பரிடம் கறிமசாலா வாங்கவா இவ்வளவு கூட்டம் என்று கேட்டு அவமானப்பட்டேன். நெற்றிக்கு வைக்க ஏழு நிறப் பொடிகள் தனித்தனிப் பொட்டலம்.

அப்புறம் பூ. துலுக்கச் சாமந்தி மலை மாதிரிக் குவிந்திருந்தது. அதற்கு நடுவே ஊதா நிறத்தில், விரல் நுனி அளவு உருண்டைகளாகக் கோத்த மாலைகள். நண்பர் மற்றதையெல்லாம் பேரம் பேசினார். இதை மட்டும் கேட்ட விலைக்கு வாங்கினார்.

"இது இல்லாமல் நாளைக்கு ஒன்றும் நடக்காது" என்றார். "மகமலி."

ஒரு பூவை எடுத்து உருட்டிப் பார்த்தேன். சரசரவென்றது. தண்ணீர் பசையே இல்லாத, காகிதம் மாதிரி இதழ். எங்கேயோ தொட்ட பூ. வாடாமல்லி! மாயவரத்து வீட்டுக் கொல்லையில், கிணற்றடிப் பக்கம், யாரும் விதைக்காமல் தண்ணீர் ஊற்றாமல் தானாக முளைத்துக் கிடக்கும் அதே வாடாமல்லி. வாசனை இல்லை என்று யாரும் தலையில் வைக்காத பூ. பொம்மைக் கல்யாணத்துக்கு மாலை கட்ட அக்கா பறிப்பாள். மகமலி என்றால் வெல்வெட் மாதிரி என்று பொருள், தொட்டால் அப்படித்தான் இருக்கிறது என்று நண்பர் விளக்கினார். எங்கள் பெயரை நான் சொன்னேன். வாடாத மல்லி. அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். "நாளைக்குக் கதை கேட்கும்போது இந்தப் பெயரை என் தங்கையிடம் சொல்லு" என்றார்.

இன்று கோவர்த்தன பூசை. அதைச் சாணக் குன்று ஒன்றைப் பார்த்ததோடு முடித்துக்கொண்டேன். ஏனென்றால் சாயங்காலம் அடுத்த வீட்டில் மா பூசைக்கு அழைத்திருந்தார்கள். அது நேவார்களுடையது, இந்தப் பள்ளத்தாக்கின் பழைய குடிகள். அவர்களுக்கு இன்று புத்தாண்டும்கூட. நேபாள சம்வத் 1145 பிறந்திருக்கிறது. பொது ஆண்டு 879-ல் தொடங்கிய கணக்கு. சங்கதர் சாக்வா என்றொரு வணிகர் ஊராரின் கடன் முழுவதையும் தன் பொன்னால் அடைத்தார், அந்த நினைவாகப் புது ஆண்டுக் கணக்கு தொடங்கியது என்பது அவர்கள் வரலாறு. அரசனின் பட்டாபிஷேகத்தை வைத்து எண்ணாமல் கடன் தீர்ந்ததை வைத்து எண்ணும் ஆண்டு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. தெருவில் பையன்கள் கொடி பிடித்து மோட்டார்சைக்கிளில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே போனார்கள்.

மா பூசை என்றால் தன் உடம்புக்கே செய்யும் பூசை. தரையில் வரிசையாக மண்டலங்கள் வரைந்திருந்தார்கள், வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் ஆள் இல்லை, பூவும் திரியும் மட்டும். வரிசையின் கடைசியில் இருந்த மண்டலம் யாருக்கு என்று கேட்டேன். எமனுக்கும் எமதூதனுக்கும். குடும்பத்தோடு குடும்பமாக உட்காரவைத்து, எல்லோருக்கும் போட்ட அதே பூ, அதே பழம், அதே திரி.

பூசை முடிந்து சகுன் கொடுத்தார்கள். அவித்த முட்டை, பொரித்த மீன், நீள மூக்குக் கெண்டியிலிருந்து உயரத் தூக்கி ஊற்றிய அய்லா. வீட்டில் காய்ச்சிய சரக்கு. தொண்டையிலிருந்து வயிறு வரை அது இறங்கிய வழியைக் கோடு போட்டுக் காட்டியிருக்கலாம்.

மாயவரத்துக்காரனுக்கு எமன் என்றால் திருக்கடையூர்தான். பதினாறு வயது மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொள்ள, பாசக்கயிறு லிங்கத்தின்மேல் விழ, சிவன் காலால் உதைத்தார். எமனை ஜெயித்த இடம். அறுபதும் எண்பதும் அங்கேதான் செய்துகொள்கிறோம். உதை வாங்கிய எமனைத்தான் எனக்குத் தெரியும். இப்படி இலை போட்டு உட்காரவைத்த எமனை இன்றுதான் பார்க்கிறேன்.

ஐந்தாம் நாள்: நவம்பர் 3, ஞாயிறு

காலையில் ராணி போக்கரி. புஷ்கரணிதான் போக்கரி ஆகியிருக்கிறது. நகரின் நடுவில் சதுரக் குளம், நடுவில் வெள்ளைக் கோயில், மேற்குப் பக்கமிருந்து பாலம். மகனைப் பறிகொடுத்த ராணியின் துக்கத்தை ஆற்றுவதற்காக அரசன் பிரதாப மல்லன் 1670-ல் வெட்டியது. தென்கரையில் கல்யானை, மேலே அரசனும் பிள்ளைகளும். 2015 நிலநடுக்கத்தில் கோயில் சிதைந்தது. திருப்பிக் கட்டும்போது சிமெண்ட் வேண்டாம், பழைய முறைதான் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சண்டை போட்டு, 2020-ல் வேலை முடிந்தது.

இந்தக் கோயில் வருடத்தில் பாய் டீகா அன்று மட்டும் திறக்கும். அக்கா தங்கை, அண்ணன் தம்பி இல்லாதவர்கள் இங்கே வந்து டீகா வைத்துக்கொள்கிறார்கள். வரிசை கம்பிவேலியை ஒட்டி நீண்டிருந்தது. ஜீன்ஸ் போட்ட பையன்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண், வயதானவர்கள். ஊர் முழுக்க இன்று புதுத்துணியோடு ஜோடி ஜோடியாகப் போகும்போது, இங்கே எல்லோரும் ஒற்றை ஒற்றையாக நிற்கிறார்கள்.

என் பக்கத்தில் நின்ற பெரியவர் இந்திய ராணுவத்தில் கூர்க்கா படைப்பிரிவில் இருந்தவர், இந்தியில் பேசினார். நான் யார், எங்கிருந்து என்று விசாரித்தார். கூடப்பிறந்தவர்கள் உண்டா என்றார். அக்கா இருக்கிறாள் என்றேன். "அப்படியென்றால் உனக்கு இங்கே என்ன வேலை?" என்றார். கோபமாக இல்லை. ரேஷன் கடையில் வேறு கார்டு வரிசையில் நிற்பவனை நகரச் சொல்வது போல. நகர்ந்துவிட்டேன். படம் எடுக்கலாம் என்று கையில் வைத்திருந்த போனையும் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு பக்தபூர். நண்பரின் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர். சாதாரண நாளில் முக்கால் மணி நேரம், இன்று இரண்டு மணி ஆனது. நாட்டிலுள்ள அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் சாலையில். நல்ல நேரத்தைப் பஞ்சாங்கக் குழு அறிவித்துவிடுகிறது, நண்பகலுக்குச் சற்று முன்னால். அதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று டாக்சிக்காரரை நாங்கள் விரட்ட, "எனக்கும் தங்கை இருக்கிறாள், நான் எப்போது போவது?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

போனதும் உட்காரவைத்துவிட்டார்கள். நண்பர், அவருக்குப் பக்கத்தில் நான். மூன்றாவதாக ஒரு காலி மணை. அது கத்தாரில் வேலை பார்க்கும் கடைசித் தம்பிக்கு. மணைமேல் போன், போனில் அவன் முகம், பின்னால் இரும்புக் கட்டில்.

தங்கை செம்பில் தண்ணீரும் எண்ணெயும் எடுத்து, அறுகம்புல்லால் தொட்டு ஒழுகவிட்டபடி எங்களைச் சுற்றி மூன்று முறை வந்தாள். தரையில் எண்ணெய்க்கோடு விழுந்தது, நாங்கள் கோட்டுக்கு உள்ளே. சுற்றி வரும்போதே நண்பர் காதருகில் கதை சொன்னார். அண்ணன் சாகக் கிடந்தான். எமன் வந்துவிட்டான். தங்கை அவனை விரட்டவில்லை. பூசை பாதியில் இருக்கிறது, முடியும்வரை உட்காருங்கள் என்றாள். அண்ணனுக்குச் செய்ததையெல்லாம் அவனுக்கும் செய்தாள். சாப்பிட்டு முடித்த எமன் என்ன வேண்டும் என்று கேட்டான். இந்த எண்ணெய்க்கோடு காயும்வரை, இந்த அறுகு பட்டுப்போகும்வரை, இந்த மகமலி வாடும்வரை என் அண்ணனைத் தொடக்கூடாது என்றாள். எமன் சரி என்றுவிட்டான்.

தண்ணீர் காயும், எண்ணெய் காயாது. அறுகு பட்டுப்போகாது. மூன்றாவது எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அதன் பெயரே தமிழில் அதுதான். தங்கையிடம் சொன்னேன். வா-டா-மல்-லி என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, கத்தார் தம்பியிடமும் சொல்லிக் காட்டினாள்.

அடுத்து வால்நட். வாசற்படிக்குப் போய்க் கல்லால் ஓங்கி ஒரு போடு. முதல் அடியில் உருண்டு ஓடிவிட்டது. இரண்டாவது அடியில் சில்லுச் சில்லாக. அண்ணனுக்கு வரும் தடை, பகை எல்லாம் அதோடு போகிறது. இவ்வளவு மென்மையான பெண் அவ்வளவு பலமாக அடிப்பாள் என்று நினைக்கவில்லை.

திரும்பி வந்து தலையில் எண்ணெய் வைத்தாள். கடுகெண்ணெய், மூக்கில் ஏறியது. தீபாவளிக்கு வைக்காமல் ஏமாற்றிய எண்ணெய் மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்துவிட்டது. பிறகு வாழையிலைத் துண்டில் நீளமாகக் கீறி, அதை நெற்றியில் வைத்து, கீறல் வழியாக அரிசிமாவுக் குழம்பால் ஒரு வெள்ளைக்கோடு. இலையை எடுத்ததும் நாமம் மாதிரி நிற்கிறது. அதன்மேல் குச்சி நுனியால் ஒவ்வொரு நிறமாகப் பொட்டு. ஒவ்வொன்றுக்கும் குச்சியைத் துடைத்துக்கொண்டாள். என் நெற்றி வழுக்கையோடு சேர்ந்து போகிறதால் எங்கே நிறுத்துவது என்று ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. எனக்கும் அவளுக்கும் சேர்ந்தே சிரிப்பு வந்துவிட்டது. ஏழு நிறமும் முடிய, கழுத்தில் சாமந்தி, அதன்மேல் வாடாமல்லி. தலையில் டாக்கா தொப்பி. மடியில் மசலா, பழம், செல் ரொட்டி.

பிறகு நாங்கள் அவளுக்கு டீகா வைக்கவேண்டும். வைத்தோம். நண்பர் கொலுசும் பணமும் கொடுத்தார். நான் சென்னையிலிருந்தே கொண்டுவந்த சுங்குடிச் சேலை. அதோடு முடிந்தது என்று எழுந்தால், நண்பர் குனிந்து தங்கையின் காலில் தலையை வைத்தார். மூத்தவர், நாலு வயது பெரியவர். எங்கள் வீட்டில் இது நடக்காது, அக்கா காலில் நான் விழுவேன், தங்கை காலில் அண்ணன் விழுந்து பார்த்ததே இல்லை. தயங்கி நின்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. காத்திருந்தார்கள். குனிந்தேன். தொப்பி விழுந்துவிட்டது. அதை எடுத்து அவளே மறுபடி வைத்தாள், "தாய்" என்று சொல்லிக்கொண்டே.

மத்தியானம் மாடியில் உட்கார்ந்து அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். நெற்றியைப் பார்த்ததும், "என்னடா இது, கடை போர்டு மாதிரி?" என்றாள். எல்லாக் கதையும் சொன்னேன். எண்ணெய், அறுகு, எமன். பொறுமையாகக் கேட்டாள்.

"எமனுக்கே சோறு போட்டு அனுப்பிட்டாளா? கெட்டிக்காரி" என்றாள். பிறகு, "அந்த மாலையைக் கிட்டக்க காட்டு."

காட்டினேன்.

"நம்ம கொல்லைல கெடக்குமே, அதானே? கிணத்தை மூடினப்போ அதுவும் போயிடுத்து. காயவிட்டு உதிர்த்தா உள்ள வெதை இருக்கும். நசுங்காம கொண்டு வா, ரெண்டு தொட்டில போடறேன்." கொஞ்சம் நிறுத்தி, "தலைல நல்லா எண்ணெய் மினுங்கறதே. தீபாவளி அன்னிக்கு நீ குளிக்கவே இல்லைதானே?" என்றாள்.